வலி சொன்ன பாடம்
(கணுக்கால் குருத்தெலும்பைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சைகள்)

பத்தாம் வகுப்பு மாணவி, ஆலத்தூர் நாடு, கொல்லிமலை

முன்னுரை

"மலையில் பிறந்தவர்களுக்குக் கால்தான் வண்டி" என்று எங்கள் ஆயா அடிக்கடி கூறுவார். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே வந்துவிட்டாலும், ஆலத்தூர் நாட்டில் வீட்டிலிருந்து காட்டிற்கும் காட்டிலிருந்து வீட்டிற்கும் நாங்கள் இன்றும் நடந்துதான் போகிறோம். மேட்டிலும் சரிவிலும் நம்மைத் தாங்கி நிற்பது கணுக்கால் மூட்டு. ஆயினும் ஒன்பதாம் வகுப்பு வரை அதைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உடலில் எது ஒழுங்காக வேலை செய்கிறதோ அதை நாம் நினைப்பதில்லை அல்லவா?

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில் மரவள்ளிக் கிழங்குச் சுமையுடன் சரிவில் இறங்கியபோது என் வலது கால் உட்புறமாகப் பிசகியது. ஆயா பற்றுப் போட்டார். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஆனால் மூட்டுக்குள்ளே ஆழத்தில் ஒரு வலி மட்டும் போகவில்லை. பிப்ரவரி மாதம் விளையாட்டு விழா. தொடர் ஓட்டத்தில் எங்கள் அணியின் கடைசி ஓட்டக்காரி நான். "கால் எப்படி இருக்கிறது?" என்று விடுதி சிஸ்டர் கேட்டபோது, "நன்றாகிவிட்டது சிஸ்டர்" என்று பொய் சொன்னேன். ஓடினேன். எங்கள் அணிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. ஏப்ரல் மாதத்தில் என்னால் படி இறங்க முடியவில்லை.

அதன்பின் எனக்கு நடந்த சிகிச்சையின் மூலம் நான் கற்றுக்கொண்டதை என் தோழியருக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணுக்காலின் அமைப்பு

முழங்காலுக்குக் கீழே டிபியா, ஃபிபுலா என்னும் இரண்டு எலும்புகள் இருப்பதை நாம் உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். இவற்றின் கீழ்முனைகளே கணுக்காலின் இருபுறமும் நாம் தொட்டுப் பார்க்கக்கூடிய குமிழ்கள். அவை இரண்டும் சேர்ந்து ஒரு கவ்வி போல அமைந்து, நடுவே டேலஸ் என்னும் சிறிய எலும்பைப் பிடித்துக்கொள்கின்றன. டேலஸ் எலும்பில் தசை எதுவும் ஒட்டியிருப்பதில்லை. அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு வழவழப்பான குருத்தெலும்பால் போர்த்தப்பட்டுள்ளது.

கணுக்காலில் இப்போர்வையின் கனம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். முழங்கால், இடுப்பு மூட்டுகளைவிடக் கணுக்காலில் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பும் சிறியது. ஆயினும் நடக்கும்போது உடல் எடையைப் போல் சில மடங்கு பளுவை அது தாங்குகிறது. குருத்தெலும்பில் பெரும்பகுதி நீரே. அந்த நீரை வலைபோல் பின்னிய நார்கள் பிடித்து வைத்திருப்பதால், அமுக்கும்போது தாங்கிக்கொண்டு, விட்டதும் மீண்டும் பழைய நிலைக்கு வருகிறது.

உணராத திசு, ஆறாத திசு

கையில் கத்தி பட்டால் உடனே வலிக்கிறது, இரத்தம் வருகிறது, சில நாளில் ஆறிவிடுகிறது. மூட்டுக் குருத்தெலும்பு அப்படிப்பட்டதன்று. அதில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. அதிலுள்ள செல்கள் மிகச் சில. மூட்டு அசையும்போது அதற்குள் உள்ள திரவத்திலிருந்து ஊறிவரும் சத்தைக் கொண்டே அவை உயிர் வாழ்கின்றன. காயத்தை ஆற்றும் பொருள்களைக் கொண்டுவருவது இரத்தமே. இரத்தம் வராத இடத்தில் காயம் எப்படி ஆறும்? குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை என்பதை வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் 1743-ஆம் ஆண்டிலேயே இலண்டன் ராயல் சங்கத்தில் எடுத்துரைத்தார்.

அப்படியானால் எனக்கு வலித்தது எப்படி? இதே கேள்வியைச் சேலத்து மருத்துவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "வலித்தது குருத்தெலும்பு இல்லை அம்மா, அதன் கீழே இருக்கும் எலும்பு" என்றார். கால் பிசகும்போது டேலஸ் எலும்பின் விளிம்பு கவ்வியின் மீது மோதுகிறது. போர்வையில் விரிசல் விழுகிறது. சில சமயம் எலும்புச் சில்லும் சேர்ந்து பெயர்கிறது. பிறகு ஒவ்வோர் அடி வைக்கும்போதும் மூட்டுத் திரவம் அந்த விரிசல் வழியாகக் கீழுள்ள எலும்புக்குள் அழுத்தப்படுகிறது. அந்த எலும்பில் நரம்பு உண்டு. ஆழத்தில் தெரியும் வலி அதுவே. நாளடைவில் எலும்புக்குள் நீர்க்கட்டிகள் உண்டாவதும் உண்டு. போர்வைக்குப் பேச வாய் இல்லாததால் அதற்காக எலும்பு பேசுகிறது என்று நான் புரிந்துகொண்டேன்.

நோயைக் கண்டறிதல்

இத்தகைய சேதம் சாதாரண எக்ஸ்ரே படத்தில் பல சமயம் தெரியாமல் போய்விடும். எனக்கும் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில்தான் டேலஸ் எலும்பின் மேல் விளிம்பில் எட்டு மில்லிமீட்டர் அளவுள்ள பள்ளமும், பாதி கழன்று தொங்கிய ஒரு துண்டும் தெரிந்தன. பெர்ண்ட், ஹார்ட்டி என்னும் இருவர் 1959-ஆம் ஆண்டு இந்தச் சேதத்தை நான்கு நிலைகளாகப் பிரித்தனர். எலும்பு நசுங்குவது முதல் நிலை. துண்டு பாதி பெயர்வது இரண்டாவது. முற்றிலும் பெயர்ந்தும் இடம் மாறாமல் இருப்பது மூன்றாவது. மூட்டுக்குள் இடம் மாறிவிடுவது நான்காவது.

எல்லோருக்கும் உடனே அறுவை சிகிச்சை செய்வதில்லை. வளரும் வயதினருக்குத் துண்டு தளராமல் இருந்தால் காலுக்குக் கட்டுப்போட்டு, பளு வைக்காமல் சில மாதம் ஓய்வு கொடுத்தாலே குணமாவது உண்டு. நான் முதல் வாரத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கும் அதுவே போதுமாக இருந்திருக்கலாம் என்று மருத்துவர் அப்பாவிடம் கூறினார். அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு மிளகு விற்ற பணம் முழுவதும் என் காலுக்குச் செலவாயிற்று.

துளை வழியே பார்க்கும் கருவி

முன்பெல்லாம் மூட்டைத் திறந்துதான் அறுவை செய்ய வேண்டும். இப்போது ஆர்த்ராஸ்கோப் என்னும் மெல்லிய குழாயைச் சிறு துளை வழியே செலுத்தி, உள்ளே இருப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். இக்கருவி கணுக்காலுக்குள் நுழைந்த வரலாறு சுவையானது. 1931-ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் பர்மன், கணுக்கால் மூட்டு மிகவும் குறுகியது, அதில் இக்கருவி செல்லாது என்று எழுதினார். எட்டே ஆண்டுகளில், 1939-இல், ஜப்பானைச் சேர்ந்த தகாகி கணுக்காலையும் இக்கருவியால் பார்க்கலாம் என்று காட்டினார். அவருடைய மாணவர் வாடனாபே 1972-இல் அம்முறையை மேலும் விளக்கி எழுதினார். குழாய் மெலிய மெலிய, முடியாது என்றது முடிந்துவிட்டது.

அறுவை சிகிச்சை முறைகள்

இம்முறைகள் பல. எங்கள் மலைக் காட்டு வேலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை எனக்கு எளிதில் விளங்கின.

1. துண்டைத் திரும்பப் பொருத்துதல்: பெயர்ந்த துண்டு பெரிதாகவும், எலும்போடு சேர்ந்ததாகவும், சிதையாமலும் இருந்தால், அதைப் பழைய இடத்திலேயே வைத்துச் சிறு திருகாணி அல்லது முளையால் பொருத்திவிடுவார்கள். சொந்தக் குருத்தெலும்பே மிஞ்சுவதால், முடிந்தவர்களுக்கு இது மிக நல்ல வழி. அடிபட்ட சில நாள்களுக்குள் வருவோருக்கே இது பெரும்பாலும் பொருந்தும்.

2. ஊற்றுத் திறத்தல்: பாறையைக் கொத்தினால் ஊற்று வருவது போன்றது இம்முறை. தளர்ந்த துண்டை அகற்றிப் பள்ளத்தைச் சுத்தம் செய்து, அடியிலுள்ள எலும்பில் கூரிய கருவியால் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் சிறு துளைகள் இடுவார்கள். எலும்பு மச்சையிலிருந்து இரத்தமும் அதனுடன் மூலச் செல்களும் கசிந்து வந்து பள்ளத்தில் உறையும். சில மாதங்களில் அந்த உறைவு புதிய திசுவாக மாறும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிரிடி என்பவர் 1959-இல் முழங்காலில் துளையிடும் முறையை வெளியிட்டார். அமெரிக்காவில் ஸ்டெட்மன் என்பவர் 1980-களில் அதை மைக்ரோ ஃப்ராக்சர் என்னும் முறையாக வளர்த்தார். எனக்குச் செய்ததும் இதுவே.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. புதிதாக வருவது பழைய பளிங்கு போன்ற குருத்தெலும்பு அன்று. நார் மிகுந்த, சற்று முரடான வேறு வகைக் குருத்தெலும்பு. பளிங்குக்கல் பெயர்ந்த இடத்தில் சிமெண்டு பூசியது போல் என்று கொள்ளலாம். பள்ளம் அடையும், நடக்கவும் முடியும். ஆனால் அது பளிங்கு ஆகாது. ஆகவே சிறிய பள்ளங்களுக்கே இது ஏற்றது. ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் விட்டம் வரை செய்யலாம் என்று முன்பு கருதினார்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் நல்ல பலன் என்று பிற்கால ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

3. பெயர்த்து நடுதல்: ஓரிடத்தில் நன்றாக வளர்ந்த செடியை வேர்மண்ணோடு பெயர்த்து வேறிடத்தில் நடுகிறோம் அல்லவா? அதுபோல, முழங்காலில் பளு குறைவாக விழும் ஓரத்திலிருந்து எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த சிறு தக்கைகளை எடுத்து, டேலஸ் எலும்பின் பள்ளத்தில் பதிக்கிறார்கள். ஹங்கேரி நாட்டு மருத்துவர் ஹங்கோடி 1990-களின் தொடக்கத்தில் இம்முறையை வகுத்தார். அசல் பளிங்குக் குருத்தெலும்பே கிடைப்பது இதன் சிறப்பு. பள்ளம் பெரிதாக இருந்தாலும், அடியில் நீர்க்கட்டி இருந்தாலும் இது உதவும். டேலஸ் எலும்பு கவ்விக்குள் மறைந்திருப்பதால், சிலருக்கு உட்புறக் குமிழ் எலும்பை வெட்டித் திறந்து, வேலை முடிந்தபின் திருகாணியிட்டு இணைக்க வேண்டியுள்ளது. தக்கை எடுத்த முழங்காலில் சிலருக்கு வலி வருவதும் உண்டு. ஓரிடத்தில் கடன் வாங்கித்தான் இன்னோரிடத்தில் கொடுக்க முடிகிறது.

4. நாற்றங்கால் முறை: இது இரண்டு அறுவைகளாக நடப்பது. முதலில் நோயாளியின் குருத்தெலும்பிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் அதன் செல்களைச் சில வாரங்கள் வளர்த்துப் பெருக்குகிறார்கள். நாற்றுத் தயாரானதும் இரண்டாவது அறுவையில் அவற்றைப் பள்ளத்தில் வைத்து மூடுகிறார்கள். சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் 1987-இல் இது முதன்முதலாக மனிதரின் முழங்காலில் செய்யப்பட்டது. பிரிட்பெர்க், பீட்டர்சன் முதலியோர் அதன் பலனை 1994-இல் வெளியிட்டனர். பின்னர் கணுக்காலுக்கும் வந்தது. இப்போது செல்களை மெல்லிய சவ்வில் ஏற்றிப் பதிக்கும் முறையும் உள்ளது. செலவு மிகுதியாவதால் எல்லோருக்கும் எட்டுவதில்லை.

5. இறுதி வழிகள்: குருத்தெலும்பு முழுவதும் தேய்ந்தபின் மேற்கூறியவை பயன்படமாட்டா. அப்போது எலும்புகளை அசையாதவாறு ஒன்றாக இணைத்துவிடுவார்கள். வலி போகும், மூட்டின் அசைவும் போகும். அல்லது உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்துவார்கள். முழங்கால் பெரும்பாலும் முதுமையில் தேய்கிறது. கணுக்காலோ பெரும்பாலும் இளமையில் பட்ட அடியாலேயே பிற்காலத்தில் தேய்கிறது. நம் வயதில் நாம் செய்யும் அலட்சியம் நம் தாயாரின் வயதில் நம்மை வந்தடையும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அறுவைக்குப் பின்

அறுவை நடந்தது ஒரு மணி நேரம். அதன்பின் காத்திருந்ததோ பல மாதம். ஆறு வாரம் வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்கள். புதிய உறைவு இளம் நாற்றைப் போன்றது, மிதித்தால் அழுகிவிடும். ஆனால் காலைச் சும்மா வைத்திருக்கவும் கூடாது. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். அசைவினால்தான் மூட்டுத் திரவம் சுழன்று செல்களுக்குச் சத்தைக் கொண்டு செல்கிறது. பளு இல்லாத அசைவு என்பதே இச்சிகிச்சையின் இரகசியம்.

ஜூன் மாதம் ஊன்றுகோலுடன் பத்தாம் வகுப்பில் சேர்ந்தேன். விடுதி சிஸ்டர் என் படுக்கையைக் கீழ்த்தளத்திற்கு மாற்றிக் கொடுத்தார்கள். தோழியர் முறை வைத்து என் தட்டைக் கழுவினார்கள். அன்றுதான் நான் சொன்ன பொய்யைச் சிஸ்டரிடம் கூறி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, "உங்கள் மலைக்காரர் எழுதியது, படி" என்றார்கள்.

நம் மலையில் பிறந்த மருத்துவர்

அந்தப் புத்தகத்தை எழுதியவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் பிராண்டும் இம்மலை மக்களிடையே பணிபுரிந்தவர்கள். தந்தை 1929-இல் காய்ச்சலால் இறந்தார். தாயார் முதுமையிலும் இரு கைகளில் மூங்கில் கோல்களை ஊன்றி நடந்து மலை மக்களுக்குத் தொண்டு செய்து 1974-இல் மறைந்தார். பால் பிராண்ட் ஒன்பது வயதுவரை நம் மலையில் ஓடி விளையாடியவர். இங்கிலாந்தில் முதலில் கட்டட வேலையும் பின்னர் மருத்துவமும் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பினார்கள். டாக்டர் பிராண்ட் உற்றுநோக்கி வேறோர் உண்மையைக் கண்டார். நோய் நரம்பைத் தாக்கி வலியுணர்வைப் போக்கிவிடுகிறது. வலி தெரியாததால் அவர்கள் காயத்தின் மீதே நடந்து நடந்து பாதத்தைத் தாமே அழித்துக்கொள்கிறார்கள். பாதம் தொங்கிப் போனவர்களுக்குக் கணுக்காலின் பின்புறத் தசைநாணை முன்புறம் மாற்றி வைத்து நடக்கச் செய்யும் அறுவை வேலூரிலும் கரிகிரியிலும் நடைபெற்றது. உணர்விழந்த காலில் கணுக்கால் எலும்புகள் எவ்வாறு சிதைகின்றன என்பதை ஹாரிஸ் என்னும் மருத்துவருடன் சேர்ந்து 1966-இல் ஆய்வுக் கட்டுரையாக அவர் வெளியிட்டார்.

அவர் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சி என் மனத்தைத் தொட்டது. ஒருமுறை நீண்ட பயணத்திற்குப் பின் இலண்டனில் காலுறையைக் கழற்றியபோது அவருடைய குதிகாலில் உணர்ச்சி இல்லை. கணுக்காலுக்குக் கீழே ஊசியால் குத்திப் பார்த்தார். இரத்தம் வந்தது, வலிக்கவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று எண்ணி இரவெல்லாம் கலங்கினார். விடிந்ததும் மீண்டும் குத்தினார். வலித்தது! இரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததால் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி கூறினார்.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பிறந்த அதே மலையில் பிறந்த ஒருவர் வலி இல்லையே என்று இரவெல்லாம் தவித்தார். நானோ எனக்குக் கிடைத்த வலியை ஒரு பரிசுக் கோப்பைக்காக மறைத்தேன். வாயில்லாத குருத்தெலும்புக்காக எலும்பு பேசியது. எலும்புக்காக நான் பேசியிருக்க வேண்டும். நான் பேசவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

கால் பிசகினால் உடனே ஓய்வு கொடுத்து, துணியில் சுற்றிய பனிக்கட்டியோ குளிர்ந்த நீரோ வைத்து, துணிக்கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைக்க வேண்டும். வீங்கிய காலை அழுத்தி நீவக் கூடாது. நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் குமிழ்களைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கனடா நாட்டு மருத்துவர்கள் 1992-இல் வகுத்துக் கொடுத்த விதி இது. எக்ஸ்ரே நன்றாக இருந்தும் ஆறு வாரத்திற்குப் பின் ஆழத்தில் வலி, அடிக்கடி வீக்கம், மூட்டு சிக்கிக்கொள்வது போன்ற உணர்வு ஆகியவை இருந்தால் மீண்டும் எலும்பு மருத்துவரிடம் செல்ல வேண்டும். பிசகிய கால் ஆறியபின் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி செய்தால் மீண்டும் பிசகாமல் காக்கலாம்.

முடிவுரை

ஊற்றுத் திறக்கவும், பெயர்த்து நடவும், நாற்று வளர்க்கவும் இன்று மருத்துவர்கள் கற்றிருக்கிறார்கள். ஆயினும் கடவுள் கொடுத்த அந்த இரண்டு மில்லிமீட்டர்ப் போர்வையை அப்படியே திருப்பிக் கொடுக்க இன்னும் எவராலும் முடியவில்லை. வருமுன் காப்பதே சிறந்தது.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், அறுவை முடிந்து ஏழாம் மாதம், ஆயாவுடன் எங்கள் காட்டுக்கு நடந்து போனேன். சரிவில் இறங்கும்போது ஆயா நின்று திரும்பி, "கால் நோவுதா கண்ணு?" என்று கேட்டார்.

"கொஞ்சம் நோவுது ஆயா" என்றேன். ஆயா சுமையை இறக்கி வைத்தார். இருவரும் பலாமரத்தடியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மெதுவாக இறங்கினோம்.